நம்பிக்கைக்குரிய ஒருவர்

உன் பெயரை இதில் எழுதவில்லை. இப்படி ஒரு கடிதத்தை எழுதி அச்சுக்குக் கொடுக்கலாமா என்று, சென்ற வாரம் நீ வீட்டுக்கு வந்திருந்தபோது உன்னிடம் கேட்டேன். துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாய். நிமிரவில்லை. "போடுங்கப்பா. பேரு மட்டும் வேணாம்." ஊரையும் விட்டுவிடட்டுமா என்றேன். "தெலுக் இந்தான் பக்கம் எத்தன செம்பனை எண்ணெ ஆலை இருக்கு. அதெல்லாம் பரவால்ல லா. தெரிய வேண்டியவங்களுக்கு ஏற்கெனவே தெரியும்." சட்டைக் கையை உள்ளே மடக்கி, அதன் மேல் இன்னொரு சட்டையை வைத்தாய்.

அந்தக் கடைசி வாக்கியத்தால்தான் எழுதுகிறேன்.

இன்னும் சில நாட்களில் நீ கடல் தாண்டி சபாவுக்குப் பறக்கிறாய். அங்கே ஓர் ஆலையில் பாய்லர் பயிற்சியாளனாக முதலிலிருந்து தொடங்கப்போகிறாய். இங்கே அந்தப் பயிற்சி பாதிக்கு மேல் முடிந்திருந்தது. நீராவி அழுத்தம் பற்றி நீ அம்மாவுக்கு விளக்குவதைக் கேட்டிருக்கிறேன். குக்கரை வைத்து விளக்குவாய். "அம்மா, விசில் வருதுல்ல, அதுதான் உங்க பாய்லர்மேன்." அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேலி செய்வாள். இப்போது விசில் வந்தால் அடுப்பை அணைக்கிறாள்.

என்ன நடந்தது என்று முறையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரியும். படிப்பவர்களுக்குத் தெரியாது. எனக்கும் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உன் கைப்பேசியில் ஒரு செயலி இருந்தது. மனநிலையைக் குறித்துவைக்கும் செயலி. காலையில் எழுந்ததும் சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், வாடிய முகம் என்று ஒன்றைத் தொட வேண்டும். எப்படித் தூங்கினாய் என்று கேட்கும். மாத்திரை போட்டாயா என்று கேட்கும். தெலுக் இந்தானுக்குப் போன முதல் வருடம் உனக்குத் தூக்கம் போயிருக்கிறது, பிறகு சாப்பாடு போயிருக்கிறது, ஒரு நாள் வேலைக்குக் கிளம்பிப் பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருக்கிறாய். அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதை மறக்காமல் இருக்க யாரோ நண்பன் இந்தச் செயலியைச் சொல்லியிருக்கிறான். இலவசம். இதெல்லாம் நான் பிறகு அறிந்தது. அப்போது எனக்கு வந்தது ஒரே ஒரு குறுஞ்செய்தி. நீ என்னை 'நம்பிக்கைக்குரிய ஒருவர்' என்று சேர்த்திருப்பதாகவும், எனக்குச் சம்மதமா என்றும் அது கேட்டது. உன்னை அழைத்தேன்.

"சும்மாப்பா. அவசரம்னா யாராவது ஒரு பேரு கேக்குது. செத்துஜு அமுக்குங்க."

அமுக்கினேன். சம்மதம். மலாயில் எழுதியிருந்த அந்த ஒரு சொல்லை மட்டும் படித்தேன். அதற்குக் கீழே நீண்டுகொண்டே போன பொடி எழுத்தை விரலால் தள்ளிவிட்டேன். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்தவன் நான், ஒரு கவிதையின் ஒரு சொல்லுக்காக ஒரு மதியத்தைச் செலவழித்தவன். இப்போது ஈப்போவில் ஒரு பல் மருத்துவமனைக் கவுண்டரில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் தாளை நீட்டி, "இங்க ஒரு சைன், இங்க ஒரு சைன்" என்கிறேன். யாரும் படிப்பதில்லை. பல்வலியோடு வந்தவர் எதைப் படிப்பார்? நீயும் அப்படித்தான் சம்மதித்திருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது. வலியோடு.

அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. உன் நண்பர்களை விட்டு, அம்மாவை விட்டு, என்னைச் சேர்த்திருக்கிறாய். ஏன் என்று கேட்கவில்லை. எதற்கு அவசரம் வரும் என்றும் கேட்கவில்லை. பெருமை கேள்வி கேட்காது.

நம் தோட்டம் உனக்குத் தெரியாது. நீ பிறக்கும் முன்பே ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள், காவலாளிக் கூண்டு. ஆட்கள் ஈப்போ, ஜெலாப்பாங், தெலுக் இந்தான் என்று சிதறினோம். தோட்டத்துக்காக அழுகிறவன் இல்லை நான். அங்கே கழிவறைக்கு வரிசையில் நின்ற காலைகள் எனக்கு நினைவிருக்கின்றன. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் இருந்த லயத்து வீடுகளில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த அந்த வீடுகளில், நடுச்சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு கை நுழையும் இடைவெளி ஓடும். முதல் வீட்டில் இருமினால் கடைசி வீட்டில் வெந்நீர் வைப்பார்கள்.

உன் அத்தைக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்தது. வீட்டில் நானும் அவளும் மட்டும். நான் கத்தவில்லை, கத்த வரவில்லை. அவள் கால் தகரப் பெட்டியில் மோதிய சத்தம் மட்டும்தான். அது சுவருக்கு மேலே போயிருக்கிறது. என் அம்மா வருவதற்குள் வீடு நிறைய ஆட்கள். ஒருவர் அவளைப் பக்கவாட்டில் திருப்பினார், ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போக லாரி பிடிக்க ஓடினார். பிழைத்தாள். அன்றிலிருந்து எனக்குள் ஒரு பாடம் தங்கிவிட்டது: நாலு பேருக்குத் தெரிந்தால் பிழைக்கலாம்.

அந்தப் பாடத்தில்தான் நம் தோட்டத்துப் புலனக் குழுவை, வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினேன். கைப்பேசியில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்கள். துக்கச் செய்தி, ரத்தம் தேவை, வேலை காலி, காணாமல் போன தாத்தா. எல்லாம் என் வழியாகத்தான் போகும். 'வணக்கம் உறவுகளே' என்று நான் தொடங்கினால் ஏதோ நடந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ரத்தம் என்று போட்டால் தேநீர் ஆறுவதற்குள் ஆள் கிடைக்கும். சில உயிர்கள் அப்படி மீண்டிருக்கின்றன. என் விரலுக்கு அது பழகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் அம்மாவும் ரொட்டிச்சானாய் கடையில். கைப்பேசி அதிர்ந்தது.

'உங்களுக்கு நெருக்கமானவர் சிரமத்தில் இருக்கக்கூடும். அவரோடு பேசுங்கள்.'

கீழே உன் பெயர். தொட்டேன். ஒரு கோடு, ஏறி இறங்கி, கடைசியில் அறுந்து நின்றது. அதன் அடியில் ஒரு மாத்திரையின் பெயர். 'தவறவிடப்பட்டது.' உனக்கு மாத்திரை இருப்பதையே அந்த மேசையில்தான் அறிந்தேன். அம்மாவிடம் காட்டினேன். அவள் கையில் பருப்புக் குழம்பு. உன்னை அழைத்தோம். அணைக்கப்பட்டிருந்தது. அவள் போனிலிருந்தும் அழைத்தோம். அணைக்கப்பட்டிருந்தது.

"ஏங்க, ஏதாவது பண்ணுங்க. போலாமா? வாங்க போலாம்."

ஈப்போவிலிருந்து தெலுக் இந்தானுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். என் விரல் காத்திருக்கவில்லை. ஸ்கிரீன்ஷாட். வணக்கம் உறவுகளே. என் மகன். உன் பெயர், உன் எண், உன் வாடகை வீட்டு முகவரி. பக்கத்தில் இருப்பவர்கள் உடனே போய்ப் பார்க்கவும்.

போனார்கள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் போனார்கள்.

நடேசன் மாமா உன் ஆலையிலேயே மேற்பார்வையாளர். நம் லயத்தில் மூன்றாவது வீட்டுக்காரர். அவர்தான் முதலில். பின்னால் இரண்டு கார்கள். யாரோ அதைக் காணொளி எடுத்துக் குழுவில் போட்டார்கள், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. காரில் போய்க்கொண்டே பார்த்தோம். கதவு அதிர்கிறது.

"தம்பி! டேய் தம்பி! கதவ தொறடா, மாமா வந்திருக்கேன்!"

"ஒடச்சிடலாமா அண்ணே?"

"இரு லா. வாடகை வீடு."

கதவு திறக்கிறது. நீ கைலியோடு நிற்கிறாய். கண்ணைக் கசக்குகிறாய். ஒரு அக்கா முந்திக்கொண்டு உன் நெற்றியில் திருநீறு பூசுகிறார். இன்னொருவர் கையில் பொட்டலமாகத் தாப்பாவ் கட்டிய நாசி லெமாக் சோறு. பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி கேட் ஓரம் வந்து எட்டிப் பார்க்கிறார்.

"நல்லா இருக்கியாடா?"

"தூங்கிட்டு இருந்தேன் மாமா. நைட் ஷிப்ட்."

"மாத்திரை போடலயாமே? ஏன்டா போடல?"

அந்த இடத்தில் உன் முகம். அங்கே நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறாய். பிறகு படம் எடுக்கிற கைப்பேசியைப் பார்க்கிறாய். அதற்குள்ளிருந்து என்னைப் பார்ப்பது போல இருந்தது. "அப்பாவா சொன்னாரு?" என்று கேட்கிறாய். காணொளி அங்கே முடிகிறது.

நாங்கள் வந்து சேர்ந்தபோது நீ எல்லோருக்கும் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாய். அவ்வளவு டம்ளர் உன்னிடம் இல்லை. பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாய். எல்லோரும் போன பிறகு, நாம் மூன்று பேரும் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னாய்.

"நான் நல்லா இருந்தேன்பா. அதான் அத தொறக்கல. பரீட்சைக்குப் படிச்சிட்டு இருந்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லா தூங்குனேன். தொறக்கலன்னா அது தானா மெசேஜ் அனுப்புமாம். எனக்கே தெரியாது."

"அப்ப மாத்திரை?" என்றாள் அம்மா.

"போட்டேன் மா. குறிக்கலன்னா போடலன்னு எழுதிக்கும்."

அந்தக் கோடு அறுந்த இடம் நீ தேறிய இடம். உன் நல்ல நாட்களை அது சிரமம் என்று படித்தது. அது சொன்னதை நான் இருநூறு பேருக்குச் சொன்னேன்.

திங்கட்கிழமை ஆலை அலுவலகம் உன்னைக் கூப்பிட்டது. நடேசன் மாமா கெட்டவர் இல்லை. என்னிடம் அழுதார். "அண்ணே, நான் ரிப்போர்ட் பண்ணாம, நாளைக்கு பாய்லர்ல ஒண்ணு ஆச்சுன்னா, தெரிஞ்சும் சொல்லலன்னு என் கழுத்துதான் போகும். எனக்குத் தெரிஞ்சதே தப்பாப் போச்சுண்ணே." கிளினிக் டாக்டர் நீ வேலைக்குத் தகுதியானவன் என்று கடிதம் கொடுத்தார். நிர்வாகம் அதை வாங்கி வைத்துக்கொண்டது. உன்னைப் பாய்லரிலிருந்து எடுத்து லாரிகளை எடை போடும் கூண்டில் உட்கார வைத்தது. சம்பளம் அதேதான். ஆனால் பாய்லர் பக்கத்தில் நிற்காத நேரம் பயிற்சிக் கணக்கில் சேராது. அது சேராமல் அந்தப் பரீட்சை எழுத முடியாது. நீ படித்துக்கொண்டிருந்த அந்தப் பரீட்சை.

ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். எங்கள் மருத்துவமனைக்கு வருகிறவர், யாழ்ப்பாணத்து வழியில் வந்த பெண்மணி. பல் சுத்தம் செய்ய வந்தவரிடம் வாயைக் கழுவுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். தன் கைப்பேசியில் அந்தச் செயலியின் நிபந்தனைகளை எடுத்து, கண்ணாடி போட்டுப் படித்தார். அவற்றை முழுதாகப் படித்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும்.

"அவையள் மேல வழக்குப் போடலாமோ எண்டு கேக்கிறீங்கள். ஒண்டு சொல்லுங்கோ. அந்தச் செய்தி உங்களுக்கு மட்டும்தானே வந்தது?"

"ஆமாங்க."

"பிறகு இவ்வளவு பேருக்கு எப்படிப் போனது?"

கவுண்டரில் கிடந்த தாள்களை நேராக அடுக்கினேன்.

தனிப்பட்ட தரவைக் காக்கிற சட்டம் வியாபாரம் செய்கிறவர்களுக்கானது என்றார். வீட்டுக்குள், குடும்பத்துக்குள் ஒருவர் பகிர்வதை அது பார்க்காது. "உங்களைப் பிடிக்காது. பயப்பட வேண்டாம்." ஆறுதலாகத்தான் சொன்னார். யாராவது என்னைப் பிடித்தால் நன்றாக இருக்குமே என்று எனக்கு இருந்தது. கம்பெனி எந்த நாட்டிலோ இருக்கிறது. 'எங்கள் கூட்டாளிகளோடு பகிர்வோம்' என்று எழுதியிருக்கிறது, கூட்டாளி யார் என்று எழுதவில்லை. நீ சம்மதம் தந்திருக்கிறாய். ஆலை உன்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, இடம்தான் மாற்றியது. பாதுகாப்பு என்பார்கள். "பாய்லர் எண்டால் சும்மாவோ? நீதிபதியும் தலையாட்டுவார்." பிறகு கண்ணாடியைக் கழற்றி, "என்ர மகளும் இப்பிடி என்னவோ ஒண்டு வச்சிருக்கிறாள். மாதவிலக்கைக் குறிக்கிறது. இண்டைக்குப் போய்க் கேக்கவேணும்" என்றார். சற்று யோசித்தார். "கேட்டால் கோவிப்பாள்."

பேசியதற்குக் காசு வாங்கவில்லை. அதுவும் எனக்குக் கனமாக இருந்தது.

ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவிலிருந்து அழித்தேன். அழித்த பிறகு ஜொகூரில் இருக்கும் யாரோ ஒருவர், என்னை அறியாதவர், அதையே எனக்கு அனுப்பினார். 'இந்தப் பிள்ளைக்காகப் பிரார்த்திப்போம்.' உன் பெயரைச் சொல்லி முன்பின் தெரியாத கோயில்களில் அர்ச்சனை நடந்திருக்கும். நட்சத்திரம் மட்டும்தான் அவர்களுக்குத் தெரியாது. குழுவில் காப்புறுதி விற்கிற தம்பி ஒருவன் இருக்கிறான். உனக்கு மருத்துவ அட்டை எடுக்கலாம் என்று எத்தனையோ முறை நச்சரித்தவன். இந்த முறை தயங்கித் தயங்கிப் பேசினான். "அண்ணே, இனி எடுத்தா அத எழுதணும். மறைச்சா பின்னால கிளெய்ம் கிடைக்காது. எனக்கே தெரிஞ்சிருச்சே, தெரியாத மாதிரி நான் எப்படி எழுதுறது?" உன் கைப்பேசியிலோ விளம்பரங்கள். தூக்கத்துக்குத் தைலம், மன அமைதிக்கு முகாம், உடனடிக் கடன். நீ என்னிடம் நீட்டிச் சிரித்தாய். "பாருங்கப்பா. இவனும் நம்ம தோட்டத்துக் குழுவுல இருக்கான் போல." சிரிப்பா அது என்று இன்னும் யோசிக்கிறேன். செயலி விற்றதா, வேறு ஏதாவதா, யாருக்கும் தெரியாது. கேட்க ஓர் இடம் இல்லை.

கணவர் இறந்த பிறகு ஜெலாப்பாங்கில் இருக்கும் உன் அத்தை வந்தாள். அவள் குழுவில் இல்லை. எத்தனை முறை சேர்த்தாலும் வெளியேறிவிடுவாள். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. அம்மா போட்ட காப்பியைத் தொடாமல் சொன்னாள்:

"மைக் போட்டுச் சொல்லிட்டியேடா."

"பயந்துட்டேன் கா. உனக்கு அன்னைக்கு ஆளுங்க வரலன்னா..."

"வந்தாங்க. பொழச்சேன். அப்புறம்?"

அப்புறம் என்ன என்று எனக்குத் தெரியும். அவளைப் பெண் பார்க்க யாரும் நம் தோட்டத்திலிருந்து வரவில்லை, பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வரவில்லை. வலிப்பு ஒருமுறைதான் வந்தது. அதைப் பார்த்தவர்கள் அத்தனை பேர். கடைசியில், கேள்விப்பட வாய்ப்பில்லாத தூரத்தில், கிளந்தானில் ஒரு மாப்பிள்ளை கிடைத்தார். அவரிடமும் அவள் சொல்லவில்லை. "செத்துப்போற வரைக்கும் அந்த மனுசனுக்குத் தெரியாது. நல்ல தூக்கம் தூங்குனேன்னு நெனைக்கிறியா?" என்றாள். இவ்வளவு வருடத்தில் அதுவும் எனக்குத் தெரியாது.

சுவருக்கு மேலே இருந்த அந்த இடைவெளி வழியாக ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் போன பிறகும் இடைவெளி இருந்தது. நான் பாதியை மட்டும் பாடமாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது நீ சபாவுக்குப் போகிறாய். ஏன் அவ்வளவு தூரம் என்று அம்மா கேட்டாள். "அங்க நம்மாளுங்க ரொம்ப கம்மி மா. நிம்மதியா இருக்கும்." அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். அந்த ஆலை அனுப்பிய தாள்களில் ஒரு கேள்வி இருந்தது. மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா? நீ பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய்.

"எழுதணுமா பா?"

எழுதினால் மறுபடியும் எடை போடும் கூண்டு. எழுதாமல் பிறகு தெரியவந்தால், பொய் சொன்னதாக வேலையே போகலாம். வழக்கறிஞர் அம்மாவைக் கேட்டேன், உண்மையைத்தான் எழுத வேண்டும் என்றார். அது சட்டம். உன் அத்தையைக் கேட்டேன், வாயை மூடு என்றாள். அது அவள் பிழைத்த வழி. நான் உன் அப்பா. நான் சொல்ல வேண்டியது மூன்றாவதாக ஏதாவது இருந்திருக்கும். "தெரியலப்பா" என்றேன். நீ தலையாட்டினாய், எதிர்பார்த்தது போல. தாளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாய். என்ன எழுதினாய் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது மட்டும் உனக்குத் தெரியட்டும்.

அந்த ஞாயிறு கழிந்து கொஞ்ச நாளில் எனக்கு இன்னொரு குறுஞ்செய்தி வந்தது. இதை உன்னிடம் சொல்லவில்லை.

'நம்பிக்கைக்குரியவர் இடத்திலிருந்து உங்கள் பெயர் நீக்கப்பட்டுள்ளது. நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை.'

கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஒருவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுதி முடிக்கும் வரை அதைப் படித்துக்கொண்டே இருந்தேன். இதுவரை அந்தச் செயலி எனக்கு அனுப்பியவற்றில் பிழை இல்லாத செய்தி அது ஒன்றுதான்.

நீ அந்தச் செயலியையே அழித்துவிட்டாயா, வேறு பெயரைச் சேர்த்தாயா, எனக்குத் தெரியாது. தெலுக் இந்தானிலிருந்து நீ அழைக்கிறாய், "சாப்பிட்டேன்பா, தூங்கப் போறேன்பா" என்கிறாய். சில நாள் அழைப்பதில்லை. அழைக்காத நாள் நல்ல நாளா கெட்ட நாளா என்று அந்தச் செயலிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். அந்த இடத்தைக் காலியாக விடாதே. கைப்பேசியில் வேண்டாம். சபாவில் உன்னோடு அறையில் இருக்கப்போகிறவனோ, பாய்லர் பக்கத்தில் நிற்கிற யாரோ, கிளினிக்கில் ஒரு நர்ஸோ. தமிழ் பேச வேண்டியதில்லை. உன் கதவு திறக்காவிட்டால் தனியாக வந்து தட்டுகிற ஒருவர். நீ திறந்த பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, வெளியே போய் யாரிடமும் சொல்லாத ஒருவர்.

அது யார் என்று என்னிடம் சொல்லாதே. நான் கேட்பேன். அம்மா கேட்டாள் என்று சொல்லிக் கேட்பேன். கேட்டாலும் சொல்லாதே.